நரேல் திறக்காத சாலை

மண்சாலையைச் சீவிச் சமன் செய்யும் கிரேடர் எந்திரத்தை நிறுத்திவிட்டு நரேல் இறங்குகிறாள். சாலை நடுவே குப்புறப் படுத்து, கன்னத்தைச் செம்மண்ணில் வைத்து, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்க்கிறாள். சாலையின் நடுமுதுகு சற்றே உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் ஓடாமல் தங்கிவிடும். பார்த்து முடித்ததும் ஏறி, எந்திரத்தின் அகன்ற இரும்புத் தகட்டை ஒரு விரற்கடை இறக்குகிறாள். கன்னத்துச் சிவப்பைத் துடைப்பதில்லை. கடைக்குப் போனாலும் அப்படியேதான்.

மாட்டுப் பண்ணைகளிலிருந்து டவுனுக்குப் போக இந்தச் சாலை ஒன்றுதான். வாரக்கணக்கில் அதன் ஓரத்திலேயே, வண்டியில் இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேரவனில் தங்கி, சீவிச் சீவிச் சமன் செய்கிறாள். டயர் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். தபால் லாரி ஓட்டும் மெர்வ் எதிரே வந்தால் நிறுத்திவிடுவாள்.

"பிரேக்கை மிதிச்சு மிதிச்சே என் ரோட்டைக் கொல்றியேடா!"

"உன் ரோடா? கவுன்சில் ரோடுன்னுல்ல நெனச்சேன்."

"கவுன்சில் வந்து சீவட்டும். அப்பச் சொல்லு."

மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஈர மண்ணில் ஒரு வண்டி போனால் போதும், பள்ளம் விழும். அது வெயிலில் கல்லாய் இறுகி, அடுத்த சில மாதங்களுக்கு எல்லோர் முதுகையும் பதம் பார்க்கும். மண் காய்ந்ததா என்று சொல்வது நரேலின் பொறுப்பு. அவள் போனில் சரி என்றால்தான் தடுப்பை எடுப்பார்கள்.

இந்த வருஷம் டவுனில் நடக்கும் குதிரைப் பந்தயத்துக்கு முதல் நாள் இந்தப் பக்கம் மட்டும் மழை கொட்டிவிட்டது. வருஷத்துக்கு ஒரே ஒரு பந்தயம். அவள் தம்பி லைல், தானே பழக்கிய பெண்குதிரையை முதன்முதலாக ஓடவிட இருந்தான். விடிந்ததும் பிக்கப்பின் பின்னால் குதிரை டிரெய்லரை மாட்டிக்கொண்டு தடுப்புக்கு வந்து நின்றான்.

நரேல் குதிகாலால் சாலையை மிதித்தாள். பூட்ஸ் புதைந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினாள். உருண்டை உதிரவில்லை, ஈரம் இன்னும் இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு வண்டி. ஓரமாப் பூனை மாதிரிப் போயிடுறேன்."

"எந்தப் பூனை டிரெய்லர் இழுக்குது?"

"வெளையாடாதக்கா. இது உன் குதிரையுந்தான். குட்டியா இருந்தப்ப புட்டிப்பால் குடுத்தது யாரு?"

"நாந்தான். மண்ணு காயலடா."

"நீயெல்லாம் ஒரு அக்கா!"

அவள் டிரெய்லர் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் மாறிவிடும். அவன் எதிரிலேயே கவுன்சிலுக்குப் போன் போட்டு, "இன்னைக்கு இல்ல" என்று சொல்லி வைத்தாள். லைல் வண்டிக்கதவை அறைந்து சாத்தினான். அவள் தொலைவில் இருந்த தாழ்வான இடத்தில் நீர் வடிகிறதா என்று பார்க்க நடந்தாள். கால்கள்தாம் நடந்தன, காது பின்னாலேயே இருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு எஞ்சின்கள். திரும்பினால், தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு வெளியூர்க் கார், பின்னால் பளபளவென்று ஒரு கேரவன். லைலின் பிக்கப்பும் நகர்ந்துகொண்டிருந்தது. "லைல், வேண்டாம்டா!" என்று கத்தியபடி சேற்றில் ஓடி வந்தாள்.

அவள் வந்து சேருமுன் லைலின் டிரெய்லர் அந்தக் காரை மறித்துச் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. வெளியூர்க்காரர் தலையை நீட்டினார்.

"தம்பி, எங்களுது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஈஸியாப் போயிடும்."

"என் குதிரையே போகல. நீங்க எங்க போறீங்க?"

"எப்பத் திறப்பாங்க?"

"எங்க அக்கா சொல்றப்ப."

கார் முனகிக்கொண்டே பின்வாங்கியது. நரேல் மூச்சிரைக்க நின்றாள். லைல் அவளைப் பார்க்கவில்லை. பின்கதவை இறக்கி, குதிரையை வெளியே கொண்டுவந்து தடுப்புக் கம்பத்தில் கட்டினான். பிறகு, பந்தயத்துக்காக அதன் பிடரியில் போட்டிருந்த பின்னல்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினான்.