போர்மேன் நடத்திய வாத்துக்குஞ்சு

போர்மேன் வெள்ளைத்துரை சிரித்து அவருடைய கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. சிவகாசிக்குத் தெற்கே இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள் அவர் தலை தெரிந்தால், மருந்து நிரப்பும் அறைகளில் பேச்சு தானாக நின்றுவிடும். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே கால் வைத்தால் வசவு. கொலுசு போட்டு வந்தால் வசவு. வேகமாக நடந்தால் வசவோடு சேர்த்து அரை நாள் முறைப்பு. வீட்டிலும் அதே சட்டம்தான். மனைவி செல்லத்தாய் அப்பளம் பொரிக்கும்போதுகூட அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றுகொள்வார். இவருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நெருப்பில்லாத ஊரில் பிறந்திருக்கலாம் என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

ஆள் கெட்டவர் இல்லை. இளவயதில் அவரோடு வேலை பார்த்த காசிராஜன், தீப்பிடித்த அறையிலிருந்து தப்பி வெளியே வந்துவிட்டு, சோற்றுத் தூக்குவாளியை எடுக்கத் திரும்பிப் போனான். வாளியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அன்றிலிருந்து வெள்ளைத்துரைக்கு ஒரே வேதம்தான். ஓடு என்றால் ஓடு, திரும்பிப் பார்க்காதே. புதிதாகச் சேருகிறவர்களை அதைச் சொல்ல வைத்த பிறகுதான் வேலையில் உட்கார விடுவார். அவரைக் கேலி செய்கிறவர்கள்கூட இந்த ஒன்றில் கேலி செய்வதில்லை.

இரண்டாயிரத்து ஆறில், தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டிருந்த நேரத்தில், அவர் சாத்தூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார். மகள் பாண்டிமீனாவுக்கு வந்த இடம். பையன் செல்வக்குமார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டிசைன் செய்து கொடுக்கிறவன். போட்டோவைப் பார்த்த பாண்டிமீனா, இந்த இடமே இருக்கட்டும் என்று அம்மா காதில் மட்டும் போட்டிருந்தாள். செல்லத்தாய் அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னபோது, போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார் வெள்ளைத்துரை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து சுண்டெலியைத் தடவுகிறவனுக்குப் பொறுப்பு எங்கிருந்து வரும் என்பது அவர் கட்சி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

சாத்தூர் வீடு சின்ன வீடு. பையனின் அப்பா சங்கரலிங்கம் லாரியில் தீப்பெட்டி லோடு ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு, எழுந்து நடக்க முடியாமல் பின்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். அவரை நலம் விசாரிக்கப் போன செல்லத்தாய், முழங்கால் வலியோடு மெல்லச் சரிந்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையனின் அம்மா காபி போட அடுப்பங்கரைக்குப் போனாள். முன்னறையில் மாமனாரும் மாப்பிள்ளையும், இரண்டும் இன்னும் ஆகாத நிலையில், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

திரையில் ஒரு மஞ்சள் வாத்துக்குஞ்சு நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. இதை யார் விளையாடுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளா என்று கேட்டார் வெள்ளைத்துரை. ஆமாம் என்று சொல்லிப் பிழைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் செல்வக்குமாரிடம் இல்லை.

"வேல இல்லாதப்ப நாந்தான் மாமா வெளாடுவேன்."

கல்யாண வயதில் வாத்துக்குஞ்சு. பெண் இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனாலும் போர்மேன் இல்லையா, எதையும் சோதித்துப் பார்க்காமல் தள்ளுபடி செய்ய மாட்டார். அதையும் பார்த்துவிடுவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த பட்டன் நடக்க, எது குதிக்க என்று பையன் காட்டினான்.

முதலில் அவர் கண்ணில் பட்டதெல்லாம் குற்றம்தான். மரமே இல்லாமல் மாம்பழம் அந்தரத்தில் தொங்கியது. மேகத்துக்குக் கண்ணும் வாயும் இருந்தன. வழி நெடுகப் பள்ளம், ஒன்றுக்கும் தடுப்பு இல்லை. அடுத்த அடியிலேயே குஞ்சு பள்ளத்தில் விழுந்தது. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அதுவோ ஒரு நொடியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மூன்று உயிர் உண்டு, மேலே தெரிகிற இதயப் படம்தான் கணக்கு என்றான் பையன்.

"அதான் இம்புட்டுத் திமிரு. இதுக்குப் போர்மேன்னு ஒருத்தனும் கெடையாதா?"

இல்லாத போர்மேனாக அவரே பொறுப்பேற்றுக்கொண்டார். ஓர் அடி நடத்தினார், நிறுத்தினார், முன்னும் பின்னும் பார்த்தார், அடுத்த அடி. எதிரே ஒரு நத்தை வந்தது. அதன் தலையில் குதிக்க வேண்டும் என்று பையன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. லோடு வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவது போலக் குஞ்சை நிறுத்தி வைத்தார். நத்தை வந்து இடித்து ஓர் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் குதிக்கச் சம்மதித்தார். முதல் மாம்பழம் கிடைத்தபோது டிங் என்று மணி அடித்தது. வெள்ளைத்துரை சிரித்தார். ஒரு மாம்பழம் விட்டுப்போனதென்று வந்த வழியில் பாதி தூரம் திரும்பி நடந்து எடுத்து வந்தார். இன்னும் கொஞ்சம் உள்ளதை உள்ளபடி சொன்னால், அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வந்த வேலை மறந்துபோனது.

அவர் நன்றாக ஊன்றிவிட்டார் என்று தெரிந்ததும், எதிர்க்கடையில் கலர் சோடா வாங்கி வரச் செல்வக்குமார் வெளியே போனான். அந்த நேரம் பார்த்துத் திரையில் புதிதாக ஒன்று உருண்டு வந்தது. கறுப்பாக, பந்து போல, உச்சியில் திரி. திரி எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் பெரிய ஸ்பீக்கர் மேசைக்கு அடியில் இருந்ததால், திரி எரிகிற சத்தம் சரியாக அவர் காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஸ்ஸ்ஸ் என்ற அந்தச் சத்தத்தை இத்தனை வருடமும் அவர் தூக்கத்தில்கூடப் பயந்து பயந்து கேட்டவர்.

"ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க!"

மற்ற ஊராக இருந்தால் என்ன ஏது என்று நாலு பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேர் பட்டாசு வேலை, மீதிப் பேர் தீப்பெட்டி வேலை. ஓடு என்ற சொல்லுக்கு அங்கே விளக்கம் கேட்கும் வழக்கம் இல்லை. வெள்ளைத்துரை செருப்பில்லாமல் முன்னால் பறந்தார். பின்னால் பையனின் அம்மா, காபி வடிகட்டியோடு. அதற்குப் பின்னால் ஒரு வீட்டிலிருந்து தோசைக்கரண்டி, ஒரு வீட்டிலிருந்து சோப்பு நுரையோடு ஒரு தலை. தெருக்கோடி அடிகுழாயடியில் மொத்தக் கூட்டமும் மூச்சு வாங்கி நின்றது. ஓடும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைத்துரைக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்திருக்கும்.

அப்போதுதான் எதிர்த்திசையில் ஓடும் ஒருவனை அவர் பார்த்தார். கடையிலிருந்து வந்த செல்வக்குமார் வீட்டுக்குள்ளே ஓடினான். போகாதே என்று கத்தினார். காசிராஜனின் முதுகுதான் கண்ணுக்குள் தெரிந்தது.

பையன் வெளியே வந்தான். முதுகில் அப்பா. ஒரு கை அப்பாவைத் தாங்கியிருந்தது. இன்னொரு கை செல்லத்தாயின் கையைப் பிடித்து இழுத்து வந்தது. பின்னறையில் தன் மனைவி உட்கார்ந்திருந்தாள் என்பது வெள்ளைத்துரைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெகுநேரம் கழித்து, வெடிச்சத்தம் எதுவும் கேட்காததால், தெருக்காரர் ஒருவர் துணிந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு வாத்துக்குஞ்சுதான் கரிஞ்சு போச்சு. அதுவும் இப்ப எந்திருச்சு நிக்கி."

தெரு சிரித்த சிரிப்பு ரயில் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். வெள்ளைத்துரை மட்டும் சிரிக்கவில்லை. நேரே செல்வக்குமாரிடம் போய், நெருப்பென்று தெரிந்தும் உள்ளே போகிறவன் பொறுப்பில்லாதவன், கம்பெனியாக இருந்தால் இந்நேரம் வேலையை விட்டு நிறுத்தியிருப்பேன் என்று ஏச ஆரம்பித்தார். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். அப்பாவை இன்னும் கீழே இறக்கவில்லை.

அடிகுழாய்க் கட்டையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த செல்லத்தாய் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"என்னப் பெத்த அய்யா என்னைய நல்லா ஓடுறவுகளுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு. எம் மகளை நான் உள்ள வர்றவனுக்குத்தான் குடுப்பேன்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை பையனின் முதுகிலிருந்த சங்கரலிங்கத்தை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்து நடங்க மாப்ள" என்றார்.