ஆடி வாரத்தில் இரண்டு டாக் பெட்டிகள்

கும்மிடிப்பூண்டியில் குடியிருந்துகொண்டு துல்லியமாகப் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டது என் தப்புதான். பக்கத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள். உலையைப் போடும்போது எங்கள் வீட்டு விளக்கு ஒரு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கூடவே ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று கிளம்பும். இத்தனையும் தெரிந்துதான் அந்தப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

கம்ப்யூட்டரிலும் போனிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மின்சார அலையாக மாற்றி ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்கிற கருவிக்கு டாக் என்று பெயர். எல்லாப் போனுக்குள்ளும் நகத்தளவில் ஒன்று உண்டு. அதையே கனமான அலுமினியப் பெட்டியில் போட்டு, பைக் விலைக்கு விற்கிறார்கள். டாக் வாங்கப் போகிறேன் என்று நான் போனில் சொன்னதும் மாமியார், "நாயெல்லாம் எதுக்கு மாப்ள, யாரு பாத்துக்கிறது?" என்றார். அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஆசையைக் கிளப்பியவர் என்னோடு வேலை செய்யும் அண்ணன். நாங்கள் இருவரும் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறோம். பிரஷர் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று அளந்து பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், பள்ளிப்பட்டுக்காரர், செவ்வாப்பேட்டையில் வீடு கட்டியிருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க டாக் பேச்சுதான். "ஒரு தபா கேட்டுட்டன்னு வை நைனா, அப்பறம் உன் பழைய பெட்டிய ஓரமா வெச்சிருவ" என்பார்.

சென்னையில் ஒரு கடையில் பேசி, இரண்டு டாக் பெட்டிகளை ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க வாங்கி வந்தேன். ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளி நிறம். வெள்ளியின் விலை கறுப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

சனிக்கிழமை பெட்டியைப் பிரித்து, இரண்டையும் ஆம்பிளிஃபயரில் மாட்டி, சோபாவைச் சரியான இடத்துக்கு நகர்த்தி உட்கார்ந்தேன். தெருவில் ஏதோ கரகரத்தது. ஜன்னல் வழியே பார்த்தால், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஏணி சாய்த்து ஒருவர் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரம். கடையில் தேதி பேசியபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாடு வரை ஓயாது. போதாததற்குப் பெரியபாளையம் போகிற வேன்கள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு அம்மன் பாட்டைப் போட்டுக்கொண்டு போயின. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் மைக் செட்காரரிடம் நேரில் போய் நின்றேன்.

"அண்ணா, கொஞ்சம் சவுண்டு கொறைக்க முடியுமா?"

"ஊட்ல ஒடம்பு சரியில்லாதவங்க யார்னா கீறாங்களா சார்?"

"இல்ல, பாட்டு கேக்கணும்."

"அதான சார் போட்டுக்கினு கீறேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே குழம்பிப் போய் என்னைப் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அவர் சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது செட்டை அணைத்துவிட்டுப் போவார் என்று தெரிந்தது. அடுத்த இரண்டு நாளும் அந்த அரை மணி நேரத்துக்காகக் கம்பெனியிலிருந்து ஓடி வந்தேன். முதல் நாள் கரண்ட் போயிற்று. மறுநாள் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள்.

வியாழக்கிழமை அண்ணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். கூழ் ஊற்றி முடிந்து, மதியம் தெரு அடங்கியிருந்தது. அவர் கையில் ஒரு நோட்டு. வயலினும் மிருதங்கமும் உள்ள ஒரு கச்சேரிப் பதிவை இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எழுதினார். கறுப்புக்கு "இறுக்கம்", வெள்ளிக்கு "காற்றோட்டம்". அப்புறம் வெள்ளிக்கு "மேடை விரிகிறது" என்றும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"தெரியுதா நைனா? வெள்ளில ஆளு நம்ம முன்னாடி வந்து ஒக்காந்து வாசிக்கிறான்."

தெரிந்தது. சத்தியமாக எனக்கும் தெரிந்தது. மேடை விரிந்தது, வயலின் நிமிர்ந்தது, மிருதங்கத்தில் தோல் தெரிந்தது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள்.

"ரெண்டாவது கொஞ்சம் சத்தமா கீது. அவ்ளோதான?" என்றாள்.

"அது சத்தம் இல்லம்மா, தெளிவு" என்றார் அண்ணன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று நான் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "சரி, புரியல. அந்தக் கறுப்புல வயலின் ஜன்னல் பக்கம் கேக்குது. இதுல கதவாண்ட கேக்குது. அது இன்னா தெளிவு?"

எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். வெள்ளியின் ஒயர்களில் சிவப்பையும் வெள்ளையையும் நானே மாற்றிச் செருகியிருந்தேன். இடது ஸ்பீக்கரில் வர வேண்டியது வலதில் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து மேடை விரிகிறது என்று கோடு போட்டிருந்தோம். ஒயர்களைச் சரியாக மாற்றிச் செருகினேன். அண்ணன் நோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

சத்தத்தையும் அளந்துவிடலாம் என்று பையிலிருந்து என் மீட்டரை எடுத்தேன். ஒரே சீரான சோதனை ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜ் பார்த்தேன். வெள்ளி நிஜமாகவே கூடுதலாகக் கொடுத்தது. பதினெட்டு வருடமாக அளப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. கம்பெனியில் மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டே ஒருவன் கண்ணை மூடி, இந்தப் பிரஷர் மீட்டரில் காற்றோட்டம் அதிகம் என்று சொன்னால் அவனை நான் வெளியே அனுப்பியிருப்பேன்.

வெள்ளியின் சத்தத்தைக் குறைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தேன். பெட்டிகளுக்கு முன்னால் அட்டையை வைத்து மறைத்தோம். மனைவி பின்னால் உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு மாற்ற, நாங்கள் எது கறுப்பு எது வெள்ளி என்று தனித்தனிக் காகிதத்தில் எழுதினோம். இருபது தடவை. முடிவில் அவள் தன் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தாள். அண்ணனுக்கு ஒன்பது சரி. எனக்குப் பத்து. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

"இங்க கரண்ட்டே சரியில்ல நைனா" என்றார் அண்ணன். "இந்த மாதிரி கரண்ட்ல வெச்சுக் கேட்டா எதுவும் தெரியாது."

"அரை மணி முன்னால தெரிஞ்சுதேண்ணா."

"நீ மீட்டர நம்பறியா, காத நம்பறியா?"

மீட்டரின் ஒயர்களைச் சுருட்டினேன். பதில் சொன்னால் சண்டைதான். கீரைக் கூட்டு சாப்பிட்டுப் போங்கள் என்று மனைவி கூப்பிட்டும் அவர் உட்காரவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை இரண்டு பெட்டிகளையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன். "எது சார் பிடிச்சிது?" என்று கடைக்காரர் கேட்டார். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்றேன். என் ஆம்பிளிஃபயர்தான் தடையாக இருக்கிறது, அதை மாற்றினால் வித்தியாசம் தெரியும் என்று அவர் சொன்னார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அண்ணன் அடுத்த மாதமே வெள்ளியை வாங்கினார். எனக்குச் சொல்லவில்லை, கம்பெனி பஸ்ஸில் இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். பத்து நாள் சாப்பாட்டு மேஜையில் கிரிக்கெட் பேசினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே போன் செய்தார்.

"ஒரு உம்முன்னு சத்தம் வந்துக்கினே கீது நைனா. இன்னா பண்ணாலும் போகல. பேஜாரா கீது."

சர்ச்சிலிருந்து மனைவி வந்ததும் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, ரயில் மாறி, செவ்வாப்பேட்டை போய்ச் சேர மூன்று மணி. அவர் அதற்குள் மூன்று தடவை ஒயர் மாற்றிவிட்டிருந்தார், ஒன்று வெளிநாட்டு ஒயர். நான் பெட்டியைத் தொடவே இல்லை. சுவரிலிருந்த பிளக்கில் மீட்டரை வைத்தேன். எர்த் இல்லை. வீடு கட்டியபோது எலக்ட்ரீஷியன் எர்த் ஒயரைச் சுவருக்குள் விட்டுவிட்டுப் போர்டில் இணைக்காமலே மூடியிருக்கிறார். திருகாணியைக் கழற்றி, ஒயரைத் தேடி இழுத்து, மாட்டினேன். கால் மணி நேர வேலை.

பாட்டைப் போட்டார். ரீங்காரம் போயிருந்தது. அந்த அமைதியில் ஒரு பெண் குரல் எழும்பியபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பாட்டு முடியும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னா சொல்ற?" என்றார்.

"நல்லா கீதுண்ணா" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

"பாத்தியா? வெள்ளி வெள்ளிதான். அன்னிக்கே சொன்னேன்."

நான் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டேன். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். அடுத்த பாட்டுக்கு அண்ணன் சத்தத்தை ஏற்றினார். ஆம்பிளிஃபயரை மாற்றினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று கடையில் சொன்னார்களாம். வருகிற சனிக்கிழமை இரண்டு எடுத்து வருகிறாராம். நானும் வந்து கேட்டு எழுத வேண்டுமாம்.