கண்ணாடிப் பெட்டிக்குள் உப்புக்கட்டி

உப்புக் கண்காட்சிக் கூடத்து வாட்ச்மேனுக்கு மூன்று வருஷமாக உப்பு கிடையாது. ரத்தக் கொதிப்பு. டாக்டர் குறைக்கத்தான் சொன்னார். வீட்டுக்காரி ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். மகராசி, எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

வேலையோ, பகல் முழுக்க உப்பின் பெருமையைக் கேட்டுக்கொண்டு நிற்பது. உப்புக்காக ராஜாக்கள் அடித்துக்கொண்டது, உப்புக்கு வரி போட்டுக் கஜானாவை நிரப்பியது, உப்புப் போட்ட மீனை நம்பிக் கப்பல்கள் கடல் தாண்டியது என்று மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். வாட்ச்மேனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். மனித குலமே இதைத் தின்றுதான் முன்னேறியதாம். அவன் மட்டும் வாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், பழைய சுரங்கத்திலிருந்து வந்த தலையணை அளவு உப்புக்கட்டி. துடைப்பதற்காகச் சாவி அவனிடம். மத்தியானம் வந்த நாலு பேரும் கலைந்ததும், துடைக்கிற சாக்கில் கட்டியின் பின்பக்கத்தைக் கரண்டியால் சுரண்டிச் சாப்பாட்டில் தூவிக்கொள்வான். பின்பக்கத்தை எவன் பார்க்கப் போகிறான்? சரித்திரத்தின் முன்பக்கத்தைப் பார்க்கவே ஆளில்லை.

ஒருநாள் மேனேஜர் கட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னார். முன்னால் மலை; பின்னால் எலி குடைந்த ரொட்டி.

"யாரு வேலய்யா இது? சாவி உன்கிட்டதான இருக்கு?"

"ஈரக்காத்து சார். கரைஞ்சிருக்கும்."

"ஈரக்காத்து கரண்டி வச்சுக் கரைக்குமா? சாவிய வச்சிட்டுக் கெளம்பு. நாளைக்கு வேற ஆளு."

சாவி கைமாறிய நேரம் பார்த்து, அவன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்காரி வந்து நின்றாள். விஷயம் தெரிந்ததும் மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார் பேசுறீங்க? இவரு நாக்குல உப்புப் பட்டு மூணு வருஷம் ஆச்சு. நம்பலன்னா இதத் தின்னு பாருங்க!"

மேனேஜர் ஒரு கவளம் வாயில் போட்டார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இத்தனை காலம் பேசிய உப்பின் மகிமை அப்போதுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும்.

"மூணு வருஷமா... இதையா?" கண் கலங்கிவிட்டது. "இதத் தின்னுட்டும் வாயத் திறக்காத மனுஷன் தப்புப் பண்ண மாட்டான்யா. ஈரக்காத்தாத்தான் இருக்கும்."

சாவியை நீட்டினார். வேலை தப்பியது. ஆனால் போன மாதம் வீட்டில் காணாமல் போன கரண்டி, வாட்ச்மேன் சட்டைப்பையிலிருந்து வெள்ளை பூத்து எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள். சாவியை வாங்க அவன் கை போவதற்குள் அவள் கை முந்திக்கொண்டது.

"இவருக்கு மறதி ஜாஸ்தி சார். இனிமே மத்தியானம் நானே வந்து பெட்டியத் தொடச்சு வைக்கிறேன்."

சாவி அவள் கைப்பைக்குள் விழுந்தது. மேனேஜர் மிச்சச் சாப்பாட்டை மிகுந்த மரியாதையோடு வாட்ச்மேனிடமே திருப்பிக் கொடுத்தார்.