மூக்குத்திக் கல்லைப் பார்க்கப் போன சனிக்கிழமை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பொய் இல்லை. கோபத்தில் நான் செய்த காரியங்களில் பாதிக்கு மேல் சரியான காரியங்கள்தான், இன்றைக்குக் கேட்டாலும் மறுபடி செய்வேன் என்பேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அப்படிச் சொல்ல வாய் வராது. அதைத்தான் எழுதுகிறேன்.

உலக யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் கிளார்க். எனக்குப் பத்தொன்பது வயது, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். செம்பூரில் ஒரு வரன் அமைந்து, ஒரு புதன்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் வைர மோதிரம் போடுவதாகப் பேச்சு. புதுக்கல் வாங்க அப்பாவுக்கு வழி இல்லை. அம்மா தன் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். அதிலிருந்த கல்தான் மோதிரத்தில் ஏறியது. அப்பா அதை மறைக்கவும் இல்லை. "பழைய கல்லுதான், ஆனா தோஷமில்லாத கல்லு. அதுக்கு நான் பொறுப்பு" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னார்.

எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது. சொல்வதற்கென்ன வெட்கம்? பெண் பார்க்க வந்த அன்று, பாடத் தெரியுமா என்று யாரோ கேட்டபோது, "ஆபீஸ்லேர்ந்து இப்பத்தானே வந்திருக்கா, காபி குடிக்கட்டும்" என்று சொன்னவர் அவர். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தில் அவருடைய அம்மா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே என் அம்மா, மூக்கு ஓட்டையில் வேப்பங்குச்சியோடு, அழுது முகமெல்லாம் வீங்கி நின்றுகொண்டிருக்கிறாள். நடுவே பாயில் மோதிரம்.

எங்கள் மனிதர்கள் வைரத்தை வாங்கியவுடன் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூன்று நாள் ஸ்வாமி அலமாரியில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் வீட்டில் யாருக்காவது தலைவலி வந்தால்கூடப் போதும், கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திருப்பிவிடுவார்கள். கடைக்காரர்களும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வார்கள். சபையில் பிள்ளையின் விரலில் ஏறிய மோதிரத்தை, வீட்டுக்குப் போனதும் மாமி கழற்றி வாங்கி அப்படித்தான் வைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு ஜுரம் கண்டுவிட்டது.

"நூத்திரண்டு டிகிரி" என்றாள் மாமி. "காலம்பற வெயில்ல வெச்சுப் பாத்தேன். நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. கரும்புள்ளி இருக்கற கல்லு உயிருக்கு ஆகாது. வேற கல்லு போடச் சொல்லுங்கோ. இல்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம். எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "மாமி, மாதுங்கால பாதிப் பேருக்கு ஜுரம். அவா எல்லாரும் எங்காத்து மூக்குத்தியையா போட்டுண்டா?"

"வாயை மூடுடீ!" என்றாள் அம்மா.

மூட முடியவில்லை. வேறு கல் என்றால் அப்பா எங்கே போவார்? அதுகூட இல்லை, தன் வார்த்தை பொய்யாகிவிட்டது என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? அவர் கத்துகிறவர் அல்ல. சாப்பிடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர். ஆறு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் இது தீர வேண்டும்.

எங்கள் ஆபீஸ் காஷியர் ஒருமுறை சொல்லியிருந்தார்: ஜவேரி பஜாரில் ஒரு குஜராத்திக் கிழவர் இருக்கிறார், கல் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரி என்று. "உங்க கண்ணும் வேண்டாம், எங்க கண்ணும் வேண்டாம்" என்றேன். "ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத மனுஷர் பாக்கட்டும். அவர் தோஷம்னு சொன்னா நானே மோதிரத்தை வாங்கிண்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும் வரேன். மோதிரம் என் கையை விட்டுப் போகாது" என்று எழுந்தாள். நிச்சயமான பெண் வருங்கால மாமியாரோடு பஜாருக்குப் போவதாவது என்று அம்மா வாசல் வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

ரயிலில் பெண்கள் வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மாமியின் கை இடுப்பில், புடவைத் தலைப்பில் முடிந்திருந்த மோதிரத்தின் மேலேயே இருந்தது. பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. பிள்ளைக்குச் சமைத்துப் போட வந்தவள். காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்கு மேல் ஹிந்துஸ்தானி வராது. எனக்கோ தண்ணீர் பட்ட பாடு. மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தில் இடிபட்டு நடந்தபோது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல இருந்தது.

கிழவர் மாடியில் ஒரு சின்ன அறையில், வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்தார். மோதிரத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடியை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார்.

"கல் பதித்திருப்பது மதராஸிக் கட்டடம்" என்றார். "பின்பக்கம் மூடியிருக்கிறது. மூடின கல்லுக்கு நான் சீட்டு எழுத மாட்டேன். கல்லைக் கழற்ற வேண்டும்."

இதைத் தமிழில் சொன்னதும் மாமி பதறிவிட்டாள். "நிச்சயத்துல போட்ட மோதிரத்துலேர்ந்து கல்லைப் பேக்கறதாவது! சிவ சிவா! அதைவிட அபசகுனம் வேற என்ன வேணும்?"

"புள்ளியோட கட்டிக்கறதா, பேத்துப் பாக்கறதா? நீங்களே சொல்லுங்கோ."

நான் கிழவரிடம், "கழற்றுங்கள்" என்றேன். அவருடைய ஆள் ஊசி மாதிரி ஒரு கருவியால் தங்க விளிம்பை நெம்ப ஆரம்பித்தான். அவன் நெம்புகிற ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது. தெறித்து எங்காவது விழுந்தால்? முனை உடைந்தால்? அம்மா இருபத்திரண்டு வருஷம் முகத்தில் வைத்திருந்த கல். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தாள். எனக்கு ஒரு ஸ்லோகமும் நினைவுக்கு வரவில்லை.

கல் வெளியே வந்தது. அடியில் கறுப்பாக அரக்கு ஒட்டியிருந்தது. கிழவர் அதை ஏதோ திராவகத்தில் அலசி, வெள்ளைக் காகித மடிப்பில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கீழே தெருவில் கைவண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். என் புடவை முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாஃப்" என்றார். "பில்குல் சாஃப். புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. கட்டினவன் அரக்கைச் சரியாக வைக்கவில்லை, அதுதான் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. இந்த மாதிரிக் கல் இப்போது கிடைக்காது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாமியிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், அரக்கு சமாசாரத்தை இரண்டு தடவை சொன்னேன். மாமி நீளமாக மூச்சு விட்டாள். "பகவானே" என்றாள். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, என் அம்மாவை அழவைத்தோமே என்று ஒரு வார்த்தை இல்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அரக்கைத் துடைத்துக் கல்லைத் திரும்பக் கட்டக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்தக் கால் மணி நேரம் என்னால் சும்மா உட்கார முடிந்ததா? மாமியின் காதில் ஒற்றைக்கல் வைரத் தோடு பெரிதாக மின்னிக்கொண்டிருந்தது. என் நாக்கில் சனி புகுந்தது.

"மாமி, உங்க தோடு ரொம்ப ஒசத்தியாச்சே. அதையும் இவர்கிட்ட காட்டுங்கோளேன். வந்தது வந்தோம்."

அவளுக்குப் பெருமை. திருகாணியைக் கழற்றி இரண்டையும் கொடுத்தாள். அவை பின்பக்கம் திறந்த கட்டடம், கழற்றாமலே பார்க்கலாம். கிழவர் ஒன்றைப் பார்த்து வைத்தார். இரண்டாவதைப் பார்த்தவர், மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மகளே, இதற்குள் விரிசல் இருக்கிறது. காக்காய்க் காலடி மாதிரி மூன்று கோடு. உங்கள் ஜனங்கள் இதைப் பெரிய தோஷம் என்பார்கள். வயதானவர்கள், எத்தனை வருஷமாகவோ போட்டிருக்கிறார்கள். சொல்லாதே."

சொல்லாதே என்றுதான் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என் அம்மாவின் வீங்கின முகம் கண்ணெதிரே நின்றது. நான் மாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மாமி, எங்காத்துக் கல்லுல ஒண்ணுமில்லை. உங்க தோட்டுலதான் காகபாதம் இருக்காம். மூணு கோடு" என்றேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகப் பதிலும் வைத்திருந்தேன். அவள் வரவில்லை. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. கை தானாகக் காதுக்குப் போய், வெறும் காதைத் தடவியது.

"தலைப்பிரசவத்துக்கு எங்கப்பா போட்டது" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, விரிப்பைப் பார்த்துச் சொன்னாள். "பொண்ணு பதினோரு மாசத்துல போனா. அடுத்தது பிள்ளை, மூணு வயசு, வைசூரி. அதுக்கப்புறம் ஒண்ணு, பேர்கூட வெக்கலை. இவன் நாலாவது." கை மறுபடி காதுக்குப் போயிற்று. "ஒரு நாள்கூடக் கழட்டினதில்லை, கொழந்தே. மடியில போட்டுண்டு பால் குடுக்கறச்சேகூடக் கழட்டினதில்லை."

ஐயோ, நான் செத்தேன் என்று நினைத்தேன். ஒரே பிள்ளை, ஒரே பிள்ளை என்று அவள் சொன்னதைப் பிள்ளை வீட்டுத் திமிர் என்றல்லவா எண்ணியிருந்தேன்? அவள் மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது பயத்தில். எனக்கு அது ஏன் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை?

மாமி நிமிர்ந்தாள். "கேளு அவர்கிட்ட. இந்தக் கோடு முதல்லேர்ந்தே இருந்ததா, நடுவுல வந்துதா?"

கேட்டேன். கிழவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "கல் பூமியில் உண்டாகும்போதே உள்ளது. நடுவில் வருவதல்ல" என்றார்.

மாமி அவரைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல வந்ததுதானாம் மாமி" என்றேன். "சமீபத்துலதான். எங்கேயோ சுவத்துல பலமா இடிச்சிண்டிருப்பேள்ங்கறார்."

"சமீபத்துலதானா?"

"ஆமாம். ஒரு வருஷத்துக்குள்ள."

அவள் தலையை ஆட்டினாள். தோட்டைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மோதிரம் வந்ததும் அதை வாங்கித் தன் விரலில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "நன்னாயிருக்கு. முகூர்த்தத்துக்கு மறுபடி உங்கப்பா கையாலயே போடட்டும். அதுக்குத்தான் குடுத்தனுப்பினேன்னு சொல்லு, இன்னிக்கு நடந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்" என்று என்னிடம் கொடுத்தாள். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆறு மணிக்கு அப்பா வந்தபோது நான் காபி கலந்து கொடுத்தேன், அவர் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மாமி தங்கத் தோடு போட்டுக்கொண்டு வந்தாள். வைரம் எங்கே என்று கேட்டவர்களிடம், கட்டடம் தளர்ந்திருக்கிறது என்றாள். அதன் பிறகு பதினெட்டு வருஷம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அடுப்படியில் சண்டை போட்டிருக்கிறோம், சேர்ந்து அப்பளம் இட்டிருக்கிறோம். திடீரென்று, பேச்சு வேறெங்கோ இருக்கும்போது, கேட்பாள். "அந்த சேட் சமீபத்துலதான்னுதானே சொன்னார்?" நானும், "ஆமாம்மா" என்பேன்.

என் மூத்த பெண்ணுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டிருந்தபோது, மூன்று நாள் இருவரும் மாறி மாறிக் கண்விழித்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தவள் விசிறுவதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சமீபத்துலதான்மா, சத்தியமா சமீபத்துலதான்" என்று சொல்லிவிட்டேன்.