ஒரு தடவைத் தலைகள்

பழைய ஊரில் சலூன் வைத்திருந்தபோது அவருக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் ரேடியோ. கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, யாருக்கு மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யாருக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் தலையைத் தொட்ட உடனே அவருக்கு ஞாபகம் வந்துவிடும். போன மாதம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார். முடி வளராதவர்கள்கூட அந்தக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி நர்ஸ். அவளுக்குத் தீவு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. சாதாரணத் தீவா அது? வருஷம் முழுக்கப் பணம் சேர்த்து, நாலு நாள் இருந்துவிட்டு வந்து, நாற்பது நாள் அதைப் பற்றியே பேசுவார்களே, அப்படிப்பட்ட தீவு. "உனக்கென்னப்பா, இனிமே தினமும் லீவுதான்" என்று சொந்தக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். ரேடியோவும் நம்பினார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, கத்தரி, சீப்பு, மெஷினோடு படகேறினார்.

லீவாம் லீவு! அங்கே குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உப்புக் காற்று தின்னாத பொருள் கிடையாது. கத்தரிக்கு எண்ணெய் போட ஒரு நாள் மறந்தால் மறுநாள் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். துவைத்த துண்டு காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அடுக்களையில் உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்து ஓடும். அலமாரிக்குள் மடித்து வைத்த நர்ஸ் சட்டையில் பூஞ்சணம் பூக்கும். கண்ணாடியின் பின்பூச்சு உரிந்து, பார்க்கிறவர் முகமெல்லாம் தேமல் விழுந்ததாகக் காட்டியது. புதுக் கண்ணாடி படகில்தான் வர வேண்டும், படகு கடல் மனசு வைத்தால்தான் வரும்.

காய்கறிக் கடை அம்மா வேறு. ஒவ்வொரு தடவையும் வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே கேட்பாள்.

"எப்ப ஊருக்குக் கிளம்புறீங்க?"

"நாங்க இங்கதாம்மா குடியிருக்கோம்."

"அப்படியா! சந்தோஷம். இன்னும் எத்தனை நாளைக்கு?"

இதையெல்லாம் ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பொறுக்கவே முடியாமல் போனது தொழிலில்தான். கடை படகுத்துறைத் தெருவில். வருகிறவர்கள் எல்லாரும் சுற்றுலாக்காரர்கள். பாஷை தெரியாது, விரலால் இவ்வளவு என்று காட்டுவார்கள். ஒரு பக்கம் வழித்து, மறுபக்கம் புதராக விட்டு, உச்சியில் கொண்டையாக நிறுத்தச் சொல்வார்கள். செய்துகொடுப்பார். சிரித்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான், அடுத்த படகில் ஏறிப் போய்விடுவார்கள். ஒரு தலை, ஒரு தடவை. எந்தத் தலையையும் அவர் இரண்டாவது முறை தொட்டதில்லை. எந்தப் பேச்சையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியதில்லை. பேசிப் பேசியே பிழைத்த மனுஷனுக்கு நாள் முழுக்க வாயில் பூட்டு. தண்டனை என்றால் இதுதான் தண்டனை.

உள்ளூர்க்காரர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். கிருதா ஒழுங்காக இறக்கி, பிடரி சுத்தமாக வழித்து, அவர் கண் முன்னாலேயே போய் வந்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எவன் வெட்டுகிறான், பேய் வந்து வெட்டுகிறதா என்று அவருக்கு மண்டை காய்ந்தது. மனைவிதான் ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்தாள்.

"அக்கரைக்குச் சந்தைக்குப் போறப்ப அங்கயே வெட்டிக்குவாங்களாம். உங்க கடை வெளியூர்க்காரங்க கடையாம். நமக்கெதுக்குன்னு யாரும் வர்றதில்லையாம்."

"வாங்கன்னு வாசல்ல நின்னு கூவவா?"

"கூவாதீங்க. ஏற்கெனவே உங்களப் பாத்தா ஊசி போட்டுக்க வந்தவங்க மாதிரி பயப்படுறாங்க."

அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தது. தெருவில் நடந்தால் பத்துப் பேர் நர்சம்மா நர்சம்மா என்று பின்னாலேயே வந்தார்கள். அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, பெரிய டாக்டர் கேக்குறாரு. இங்கயே நிரந்தரமா தலைமை நர்சா இருக்கியான்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். வேணாம்னா மூட்டையக் கட்டிருவோம்."

சொல்லும்போது அவள் முகம் பூரித்திருந்தது. ரேடியோவுக்கு உடனே ஊருக்குக் கிளம்ப வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்லி அந்த முகத்தை வாடவைக்கவும் மனசு வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தாலே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது பெரிய பெரிய பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். கொட்டாவி விட்டுக்கொண்டே தலையைத் தொட்டு ஏதோ சைகை காட்டினார். அடுத்த நிமிஷம் குறட்டை. வந்தாரய்யா இன்னொரு சுற்றுலாக்காரர் என்று ரேடியோ ஒரு பக்கம் வழித்து, மறுபக்கம் புதராக விட்டு, உச்சியில் கொண்டையும் நிறுத்தினார். எழுந்தவர் அரைத்தூக்கத்தில் தேமல் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறக்கக்கூட விடவில்லை. பாதிக் கதவு மேலே ஏறும்போதே பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"யோவ்! என் தலைய என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

அதே ஆள். இன்றைக்குப் பூச்சட்டை இல்லை, கிரீஸ் கறை படிந்த சட்டை.

"ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு! என் சம்சாரம் யாரோன்னு நெனச்சுக் கதவையே திறக்கல. படகுல எஞ்சின் ஓட்டுறவன்யா நான். இந்தத் தலையோட எஞ்சின் ரூமுக்குப் போனா ஒருத்தன் மதிப்பானா?"

ரேடியோ சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அண்ணே... நீங்க இந்த ஊரா?"

"பொறந்ததே இந்த ஊருய்யா!"

"அப்ப அந்தப் பூச்சட்டை?"

"எவனோ படகுல விட்டுட்டுப் போனது. நல்ல துணி, வீணாப் போகுதேன்னு போட்டேன். அது ஒரு குத்தமா? அக்கரைக்குப் போக முடியலையேன்னு உன்கிட்டத் தலையக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! ஏய், என்ன சிரிக்கிற?"

"சிரிக்கலண்ணே. உள்ள வாங்க. உக்காருங்க. காசே வேணாம். வாங்கண்ணே." சொல்லும்போதே ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தலை திரும்பி வந்துவிட்டது! சண்டைக்கு வந்தால் என்ன, வந்ததல்லவா!

வாய்ப் பூட்டு தெறித்தது. காட்டைக் குறைத்துக்கொண்டே எஞ்சினைப் பற்றிக் கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், சம்சாரம் கடைசியில் கதவைத் திறந்தாளா என்று கேட்டார். எஞ்சின்காரர் முதலில் உறுமினார், பிறகு முனகினார், பிறகு முழு வாக்கியமாகப் பதில் சொன்னார்.

"உங்களுக்கு ரெட்டைச் சுழிண்ணே. ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்க."

"ஒண்ணுக்கே வாசல்ல நிக்கிறேன், போய்யா!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கத்தரி ஒரு கணம் நின்றது. தலை முழுவதையும் ஒட்ட வெட்டிச் சரிசெய்த பிறகு எஞ்சின்காரர் கண்ணாடியை நம்பாமல் கையாலேயே தடவிப் பார்த்துக்கொண்டார். வாசலில் நின்று விரலை நீட்டினார்.

"அடுத்த மாசமும் இந்த மாதிரி ஏதாவது பண்ணி வெச்ச, கடல்ல தூக்கிப் போட்டுருவேன், பாத்துக்க!"

அடுத்த மாசம்! ரேடியோ கதவை இறக்கிப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மனைவி ஒரு பெரியவருக்கு ஊசி போடத் தட்டோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது? கைய வெட்டிக்கிட்டீங்களா?"

"ஒருத்தர் என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டாரும்மா."

"அதுக்கு ஏன் பல்லெல்லாம் தெரியுது?"

"அடுத்த மாசமும் வந்து திட்டுவாராம்! இந்த ஊர்க்காரரும்மா. போ, டாக்டர்கிட்ட இருக்கோம்னு சொல்லிரு."

அவள் முகம் வெளுத்தது.

"ஐயையோ! நீங்க ரெண்டு நாளா வாயத் திறக்காம கெடந்தீங்களா... இங்க இருக்க முடியாதுன்னு காலையிலயே அவர்கிட்டச் சொல்லிட்டேனேங்க!"

"எனக்காகவா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரருக்காகவா?"

சொல்லிவிட்டு, தட்டை அவர் கையில் திணித்துவிட்டு, டாக்டர் அறையை நோக்கி அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, நர்சம்மா ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து முதலில் அவள் குரல் கேட்டது, பிறகு டாக்டரின் சிரிப்பு கேட்டது. அதற்குப் பிறகுதான் ரேடியோவுக்கு மூச்சு வந்தது.

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, என் ஊசி என்னாச்சு? நர்சம்மா போயிட்டாங்களா?"

"எங்கயும் போகல பெரியவரே" என்றார் ரேடியோ. "நாங்க இந்த ஊர்தான்."