துருவின் மேல் அடித்த கறுப்புப் பெயின்ற்

எங்கள் காரில் மீன்பெட்டிகளும் ஏறும். ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் தரையில் வடிவதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. முன் இருக்கையின் பெல்ட் நைந்ததும் காரைக் கராஜில் விட்டுப் புதுப் பெல்ட் போடுவித்தோம்.

அடுத்த கிழமை கந்தளாய் வீதியில் எருமைகள் குறுக்கே வர, கணவர் சடுதியாகப் பிரேக் பிடித்தார். பெல்ட் போட்டிருந்தும் என் நெற்றி முன்கண்ணாடியில் மோதியது. பெல்ட் அப்படியே இருந்தது. அதைப் பூட்டிய தரைத்தகடுதான் போல்டோடு பெயர்ந்து வந்திருந்தது. தகடு முழுக்கத் துரு, அதன் மேல் புதுக் கறுப்புப் பெயின்ற்.

தையல் போட்ட நெற்றியோடு அதைக் கொண்டுபோய்க் கராஜ்காரரின் மேசையில் வைத்தேன்.

"பெல்ட் அறுந்ததோ அம்மா?"

"இல்லை."

"அப்ப என்ட வேலையில என்ன பிழை?"

"துருவைக் கண்டனீங்கள்தானே. ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ?"

"பார்க்க வடிவா இருக்கட்டும் எண்டு பெயின்ற் அடிச்சு விட்டனான்."

இப்போதெல்லாம் எந்தக் கராஜிலும் காரின் தரைவிரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டை ஸ்குரூ டிரைவரால் நானே குத்திப் பார்க்கிறேன். பொம்பிளைகள் பார்க்கிற வேலையில்லை என்கிறார்கள். அவர்கள் பார்த்த வேலைக்குத்தான் என் நெற்றியில் மூன்று தையல் தழும்பு இருக்கிறது.