ஐந்து டின் கொத்தமல்லி

கொத்தமல்லி விதையை வறுத்தவள் நான்தான். அம்மா கண்ணை மூடும்வரை இதை அவளிடம் சொல்லவில்லை. இனிமேல் யாரும் விளக்குமாற்றோடு துரத்த மாட்டார்கள் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. மலாக்காவில், கஜா பேராங்கில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அம்மா அதை அவிப்பாள், மசிப்பாள், துருவிக் காயவைத்து மாவாக்கி இடியாப்பம் பிழிந்து, "இது வேற பலகாரம்" என்று பரிமாறுவாள். நாக்கு ஏமாறவே இல்லை. இந்தியாவிலிருந்து கப்பல் நின்றுபோனதால் மல்லி, சீரகம், மிளகாய் வற்றல் எதுவும் கிடையாது. பெண்டஹாரா சாலை மளிகைக் கடைகளில் காலிச் சாக்கை உதறி, அந்தத் தூசியையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. கொல்லையில் வளர்வதுதான் ருசி என்று ஆகிவிட்டது. எங்களிடம் ஒரு கறிவேப்பிலை மரமும், எலுமிச்சை வாசம் அடிக்கும் செராய்ப் புல் ஒரு புதரும், நாலு ஊசிமிளகாய்ச் செடியும் இருந்தன.

இவை போக, அம்மாவிடம் ஒரு பித்தளை டப்பாவில் இரண்டு கைப்பிடி மல்லி விதை இருந்தது. சண்டைக்கு முன்னால் வாங்கியது. சமைக்க மனசு வராமல், வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்துவிட்டு மூடிவைப்பாள். ஒருநாள் அப்படி மோந்தபோது உள்ளே வண்டு ஓடியது. "வெயில்ல நல்லா காயவச்சு எடு" என்று என் கையில் கொடுத்துவிட்டு, எப்போதாவது போடும் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போய்விட்டாள்.

அன்று வெயில் எங்கே அடித்தது? காலையிலிருந்து தூறல். முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் எத்தனை தடவைதான் ஓடுவது? எனக்குப் பொறுமை அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. குழம்புப்பொடிக்கு எல்லாவற்றையும் வறுப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தேன். மல்லியைக் கொட்டி, வண்டுகளெல்லாம் வெளியே ஓடும்வரை பக்குவமாக வறுத்து, ஆறவைத்து டப்பாவில் போட்டேன். அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "பரவால்லயே, நல்லா காஞ்சிருக்கே" என்றாள். கிடைத்த பாராட்டை நான் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

அக்கா அப்போது மாசமாக இருந்தாள். நாலாவது மாதம். அத்தானுக்கு மூவார் ஊரில் வேலை என்பதால் எங்களோடு தங்கியிருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கை மெலிந்து, வளையல்கள் முழங்கை வரை ஏறின. "இந்தப் பொண்ணு இப்படியே போனா எனக்கு பயமா இருக்குங்க" என்று அம்மா அப்பாவிடம் அழுததை நானே கேட்டேன். அப்படிப்பட்டவள் அன்று சாயந்திரம் தானாகவே வாயைத் திறந்து, "கொத்தமல்லித் துவையல் இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேம்மா" என்றாள்.

பல வாரங்களுக்குப் பிறகு அவள் சாப்பிடக் கேட்டது அதுதான். அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பித்தளை டப்பாவைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து, "இத வெதச்சிருவோம். முப்பது நாள்ல தழை வந்துரும்" என்றாள்.

வறுத்த விதை எங்கே முளைக்கும்? சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். கதவு மூலையில் விளக்குமாறு இருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மல்லியை முழுசாக விதைக்க மாட்டார்கள், இரண்டாக உடைத்துத்தான் விதைப்பார்கள். அப்பா தன் மரக்கட்டைச் செருப்பைக் கழுவிப் போட்டுக்கொண்டு, சாக்கில் பரப்பிய விதையின் மேல் ஏறி நின்றார். "அடடா, என்ன அருமையான வெத! கால வச்ச உடனே உடையுது" என்றார். வாசனை கும்மென்று கிளம்பியது. "அந்தக் காலத்துச் சரக்குங்க" என்று அம்மா பூரித்துப்போனாள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மண்ணெண்ணெய் டின்களில் விதைத்தார்கள். பத்து நாள் ஆயிற்று, ஒன்றும் இல்லை. அம்மா சாம்பல் போட்டாள், சாணி கரைத்து ஊற்றினாள், மழை அதிகம் என்று டின்களை உள்ளே நகர்த்தினாள், வெயில் போதவில்லை என்று வெளியே நகர்த்தினாள். நகர்த்தியவள் நான். தினமும் சாயந்திரம் அக்கா டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாளைக்கு மொளச்சிரும்மா" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கும்.

கடைசியில், இது கண்ணேறு என்று அம்மா தீர்மானித்தாள். அப்பாவின் கட்டைச் செருப்பில் ஒன்றைக் கம்பில் கட்டி டின்களுக்கு நடுவில் நட்டாள். அப்பா மீதி ஒற்றைச் செருப்போடு கிணற்றடிக்குத் தத்தித் தத்திப் போய்வந்தார். கண் வைத்தது யார் என்பதற்கும் அம்மா விடை வைத்திருந்தாள். அடுத்த வீட்டு மாமிதான்.

மாமி மலாக்காச் செட்டிக் குடும்பம். இவர்கள் செட்டியார்கள் அல்லர். எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்டவர்கள். கும்பிடுவது நம் சாமி, கட்டுவது சாரோங், பேச்சு மலாய். வேலி ஓரம் நின்று, டின்னில் என்ன என்று மாமி ஒருநாள் கேட்டது உண்மை. அதற்காக அம்மா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இதை என்னால் தாங்க முடியவில்லை. மாமி எனக்கு வெல்லம் கொடுப்பவள்.

அம்மா அடுத்த தடவை அரிசி வரிசைக்குப் போன உடனே வேலியைத் தாண்டி, மாமியிடம் மலாயில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சட்டி, வண்டு, அக்காவின் துவையல், விளக்குமாறு, ஒன்று விடாமல். மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் கொல்லைக்குக் கூட்டிப்போய், நிழலில் தரையோடு தரையாகக் கிடந்த ஒரு செடியின் இலையைக் கசக்கி என் மூக்கில் வைத்தாள். கொத்தமல்லி வாசனையேதான். "கெதும்பார் ஜாவா" என்றாள். ஜாவா மல்லி. பொடிக் கன்றுகளாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தாள். டின்னுக்கு மூன்றாக நட்டுவைத்தேன்.

மத்தியானம் அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகிழ்ச்சியில் கோபமெல்லாம் மறந்து, வேலிக்குப் போய் மாமியையே கையைப் பிடித்து இழுத்துவந்து, "பாரு, என் மல்லி மொளச்சிருச்சு" என்று காட்டினாள். மாமி குனிந்து தன் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாகுஸ், பாகுஸ்", பிரமாதம் பிரமாதம் என்று ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

இலை வளர வளர எனக்குப் பயம். கொத்தமல்லி இலை எப்படி இருக்கும், இது எப்படி இருக்கிறது! நீட்டு நீட்டாக, ஓரமெல்லாம் ரம்பப் பல். அப்பா ஓர் இலையைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, மல்லி மாதிரியே இல்லையே?"

"ஜப்பான்காரன் வந்த பிறகு எதுதான் ஒழுங்கா வளருது? மோந்து பாருங்க" என்றாள் அம்மா. அப்பா மோந்தார். இன்னொரு தடவை மோந்துவிட்டு இலையை வாயில் போட்டுக்கொண்டார்.

துவையல் அரைத்த அன்று, தேங்காயும் ஊசிமிளகாயும் புளிக்குப் பதில் பிளிம்பிங் காயும் வைத்து அம்மா அம்மியில் வழித்தெடுத்தாள். அக்காவின் தட்டில் அதே அவித்த மரவள்ளிதான். துவையலைத் தொட்டு ஒரு வாய் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள். இன்னொரு வாய். தட்டைக் காலி செய்துவிட்டு, "அசல் கொத்தமல்லிம்மா" என்றாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா பின்னாலேயே போனார்.

நான் தட்டை எடுக்கக் குனிந்தேன். அக்கா என் காதைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அடுத்த தடவ வறுக்கிறப்ப என் ரூம் கதவ சாத்திட்டு வறுடி. அன்னிக்கு நீ வறுத்த வாசனையிலதான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு."

தட்டைக் கீழே வைத்தேன். "அப்ப மொளைக்காதுன்னு உனக்குத் தெரியுமா? தெனமும் நாளைக்கு மொளச்சிரும்னு சொன்னியே?"

"வேற என்ன சொல்றது? உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள் அக்கா. "போ, இன்னும் கொஞ்சம் துவையல் இருக்கான்னு பாரு."